எட்டிப்பார்க்கலாம், தொடக்கூடாது

கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியிலேயே கட்சி சேர்ந்துகொள்கிற அவசரக்காரர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மாடி வீடு. மேல்மாடியில் மூன்று மேசையைப் போட்டு அலுவலகம் என்று பேர் வைத்திருந்தார்கள் இர்ஃபான், பெனிட்டா, நவநீதன் என்ற மூன்று நண்பர்கள். அவர்கள் செய்த கருவியின் பெயர் ‘எட்டிப்பார்’. கிரிப்டோ நாணயங்களை வைக்கும் வாலட்டின் முகவரியைக் கொடுத்தால் போதும். அதன் பேரில் எந்தெந்த வியாபாரம் முடிக்காமல் திறந்து கிடக்கிறது, லாபமா நட்டமா, விலை எதுவரை இறங்கினால் ஈடாக வைத்த பணத்தை எக்ஸ்சேஞ்ச் என்கிற சந்தை விழுங்கிவிடும் என்று ஒரே திரையில் காட்டிவிடும். காட்டுவதோடு சரி, எதையும் தொடாது. வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களை அது கேட்பதே இல்லை. ‘கேட்கமாட்டோம், சொன்னாலும் வாங்கமாட்டோம்’ என்று முகப்பில் எழுதி வைத்தவன் இர்ஃபான். ஊரான் பணத்துக்கு வலைவீசுகிற இந்தக் காலத்தில் இப்படியும் பிள்ளைகளா என்று நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா கோகிலவாணி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிரிப்டோ வியாபாரத்தில் கெட்டிக்காரி. எட்டிப்பாருக்கு முதல் வாடிக்கையாளர் அவர்தான். இர்ஃபான் வேலையில்லாமல் திண்டாடிய நாளில் வாடகைக்கு வாயே திறக்காதவர். நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுந்து அவனுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்தவர். அவனுக்குப் பெற்ற தாய்க்கு அடுத்தபடி அவர்தான்.

மகள் பிரசவத்துக்காக அவர் கனடாவுக்குக் கிளம்பினார். விமானத்தில் ஏறும் வரிசையில் நின்றபடி சும்மா ஒருமுறை எட்டிப்பாரைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே இர்ஃபானுக்குப் போன் போட்டார். அவன் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“கண்ணு, நேத்தே வித்துருன்னு ஆர்டர் போட்டனே! இது இன்னும் தொறந்து கெடக்குதுன்னு காட்டுதே!”

கருவி காட்டியதுதான் சரி. இந்த விலைக்கு விற்றுவிடு என்று அவர் ஆர்டர் போட்டிருந்தார். விலை அதுவரை ஏறவே இல்லை, ஆர்டர் சும்மா காத்துக்கிடந்தது. ஆர்டர் போட்டாலே விற்றாயிற்று என்று நினைப்பது வியாபாரிகளுக்கே உரிய தப்பு. விலையோ சரிந்துகொண்டிருந்தது. வாலட்டில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சில் ஈடாக நின்றது. அத்தனையும் அவர் மில்லில் உழைத்துச் சேர்த்த காசு.

“லேப்டாப்பு பெட்டியோட லக்கேஜ்ல போயிருச்சு. வார்த்தை பன்னண்டும் எனக்கு மனப்பாடம். எழுதிக்கோ கண்ணு, நீயே முடிச்சு உட்ரு. மொதல் வார்த்தை...”

“கொஞ்சம் நகருங்கம்மா” என்று அவருக்குப் பின்னால் யாரோ சொன்னதும் போனில் கேட்டது.

நவநீதன் பேனாவை எடுத்துவிட்டான். “சொல்லுங்கக்கா, நான் எழுதறேன்!”

சோறு போட்ட மகராசி கெஞ்சுகிறார். மறுத்தால் இனித் தன் முகத்தில் விழிக்கமாட்டார் என்று இர்ஃபானுக்குத் தெரியும். முதல் சொல் முழுசாகக் காதில் விழுமுன் போனைத் துண்டித்தான். ‘அந்த வார்த்தைகளை யாரிடமும் சொல்லாதீங்க அக்கா’ என்று மட்டும் செய்தி அனுப்பினான். அவர் திரும்பக் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை. விமானம் கிளம்பிவிட்டது.

“மனுசனாடா நீ? அந்தம்மா காசு போகுது, நீ முகப்புல எழுதுனதப் புடிச்சுத் தொங்கிட்டு நிக்கிற!” என்று நவநீதன் கத்தினான்.

பெனிட்டா நாகர்கோவில்காரி. அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எடுக்கதுக்குத்தான் சாவி வேணும். போடுகதுக்கு முகவரி போதும்லா” என்றாள். உண்டியலில் காசு போட யாரும் பூட்டைத் திறப்பதில்லையே! அந்த எக்ஸ்சேஞ்சில் யாருடைய ஈட்டோடும் யாரும் பணம் சேர்க்கலாம். ஸ்கூட்டர் வாங்க வைத்திருந்த தன் பணத்தை அவர் முகவரிக்குப் போட்டாள். விலை இன்னும் விழுந்தால் அதுவும் சேர்ந்தே போகும் என்று தெரிந்துதான் போட்டாள். ஈடு கூடியதும் அபாய எல்லை கீழே இறங்கியது.

விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே விலை பழைய எல்லையைத் தாண்டி விழுந்தது. புது எல்லையைத் தொடாமல் நின்று, மெல்ல ஏறியது. கோகிலவாணி இறங்கியதும் லேப்டாப்பைத் திறந்து, சில்லறை நட்டத்தோடு தானே முடித்தார். பெனிட்டாவின் பணத்தைத் திருப்பி அனுப்பி, தங்கமே என்று அழுதார். பேரனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, மாடிப்படியில் எதிரே வந்த இர்ஃபானைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஒதுங்கிப் போனார்.

மனம் இளகிப் பேனாவை எடுத்த நவநீதன், போனைத் துண்டித்த இர்ஃபான், தன் பணத்தைப் போட்ட பெனிட்டா. இந்த மூவரில் அந்த அம்மாவுக்குப் பெரிய உதவி செய்தவர் யார்?

விடை: இர்ஃபான்தான். நவநீதன் நல்ல மனசுக்காரன். ஆனால் கூட்ட வரிசையில் சத்தமாகச் சொல்லப்போன பன்னிரண்டு சொற்களைக் கேட்க அவன் காது மட்டுமா இருந்தது? அக்கம்பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தாலும் வாலட் முழுசும் காலியாகிப் போயிருக்கும். பெனிட்டா காப்பாற்றியது மூன்றில் ஒரு பங்கை. அவளைப் பாராட்ட எனக்கு வார்த்தை போதாது. ஆனால் அவள் கொடுத்தது திரும்பி வந்துவிட்டது. இர்ஃபானுக்கு அந்த அம்மாவின் பேச்சு இன்னும் திரும்பி வரவில்லை. கோகிலவாணி அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால், அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுங்கள்.