அறுபத்திரண்டாம் எண் வயர்

"அம்மை, திருடன் நம்ம மடத்துக்குள்ளேயே இருக்கான்."

பரஞ்சோதி கையிலிருந்த தாள்களைக் குரு அம்மையின் முன் வைத்தான். மடத்து மருத்துவமனை நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு சர்வரில் இருந்தது. அதற்குக் காவல் அவன்.

தாள் முழுக்க ஒரே வரி. ஆறு நிமிடத்துக்கு ஒரு தரம் யாரோ உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். சர்வர் விரட்டியிருக்கிறது.

"யாரு?"

"அறுபத்திரண்டாம் எண் வயர் வழியா வந்திருக்கான். அது நன்மாறன் வயர். எந்த வயர் யார் கணினிக்குப் போகுதுன்னு சித்திரை மாசமே எழுதி வெச்சிருக்கேன்."

சீடன் நன்மாறன் பையோடு சுவரோரம் நின்றான். உச்சிப் பூசை மணி அடித்ததும் அவனை மடத்தை விட்டு அனுப்பிவிடலாம் என்று மூத்தவர்கள் சொல்லியாயிற்று. அம்மை தலையசைப்பதுதான் பாக்கி.

நாலு வருடம் முன்பு, பாடம் வாசிக்கும்போது பரஞ்சோதி ஒரு சொல்லில் திக்கி நின்றான். அப்போது சபையில் சிரித்தவன் இந்த நன்மாறன். அந்தச் சிரிப்பு பரஞ்சோதியின் காதை விட்டு இன்னும் இறங்கவில்லை.

"நான் சர்வர் பக்கமே போகலை, அண்ணே."

"நீ எதுக்குப் போகணும்? உன் கணினி போகும்."

"அது காலையிலேர்ந்து இந்தப் பைக்குள்ளதான் கிடக்கு."

அம்மை தாளைப் புரட்டினார். "எப்போ ஆரம்பிச்சது?"

"அமாவாசை சாயங்காலம்."

அந்த மடத்தில் யாருக்கும் சொந்த அறை கிடையாது. அமாவாசைதோறும் எல்லோரும் அறை மாறிக்கொள்ள வேண்டும்.

"அறை மாத்துற சந்தடியில எவனாவது எட்டிப் பாத்துடுவான்னு அன்னைக்குக் காலையில என் கணினியைக் கழட்டின கையோட பாஸ்வேர்டை மாத்திட்டேன். நான் ஏமாந்தவனா? சர்வர் நல்லா இருக்கான்னு மூணு வருஷமா என் கணினி ராப்பகலா உள்ள போய்ப் பாத்துட்டு வருது."

"புது பாஸ்வேர்டை யார்கிட்ட சொன்னே?"

"என் நிழலுக்குக்கூடச் சொல்லலை."

அம்மை எழுந்தார். மூவரும் சர்வர் அறைக்குப் போனார்கள்.

"அடுத்து எப்போ தட்டுவான்?"

"பதினொன்னு நாப்பத்திரெண்டுக்கு."

திரையைப் பார்த்தபடி நின்றார்கள். பரஞ்சோதியின் கண் நன்மாறனின் கையிலேயே இருந்தது. அந்தக் கை பையின் வாரைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது.

நாற்பத்திரண்டு.

புது வரி ஒன்று விழுந்தது. அறுபத்திரண்டு.

"கூட்டாளி வெச்சிருக்கான்!" என்று கத்தினான் பரஞ்சோதி. "அம்மை, மணி அடிக்கப் போறாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அம்மை சுவரில் ஓடிய வயர்களில் அறுபத்திரண்டாவதைத் தேடி எடுத்துப் பரஞ்சோதியின் கையில் கொடுத்தார்.

"கையை எடுக்காம போ. தட்டுறவனைக் கையோட கூட்டிட்டு வா."

வயர் வெளியே போனது. மடைப்பள்ளிச் சுவரில் ஏறி இறங்கி, அறைகளுக்குப் பின்னால் யாரும் மிதிக்காத இடத்துக்குப் போனது. நெருஞ்சி காலில் குத்தியது. பரஞ்சோதி விடவில்லை.

மூடிய ஜன்னல் ஒன்றின் இடுக்கில் வயர் நுழைந்தது. அவன் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தான். இருட்டில் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது.

"மாட்டிக்கிட்டான்! இதை உடைச்சிடவா, அம்மை?"

பின்னாலேயே வந்த அம்மை நெருஞ்சி முள்ளைக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு உடைக்கணும்? முன்பக்கமா வா. இந்த அறைச் சாவி உன் இடுப்புலதானே தொங்குது."