முள் நிற்கிற நேரம்

"சிஸ்டர், இதுவும் பொய் சொல்லுது."

சந்தியாகு அந்தச் சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

சிஸ்டர் தெக்லா கையிலிருந்த வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பொய்?"

"மார்கழி மாசம், மேல்மலையில, விடியக்காலையில முப்பத்தெட்டு டிகிரியாம்."

"அங்க யாருக்காவது காய்ச்சலோ என்னவோ."

சந்தியாகு சிரிக்கவில்லை.

மலையடிவாரத்துக் கன்னியர் மடம் அது. ஓர் அறையில் மெழுகுவர்த்தி வார்ப்பார்கள். அடுத்த அறையில் தெக்லா சர்க்யூட் வேலை சொல்லிக்கொடுப்பார். சந்தியாகு அவரைவிட வயதில் மூத்தவர். ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு, மாணவனாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர்.

வந்த காரணம் அவருடைய மகள் அமலி.

பூண்டு விளைகிற மேல்மலையில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தக் குளிருக்கு ஏறினால் இவருக்கு மூச்சிரைப்பு வந்துவிடும். அவள் இறங்கி வரலாம் என்றால் தோட்டம் விடாது.

அதனால்தான் இந்தப் பெட்டி. அவள் தோட்டத்துக் குளிரை அளந்து, இவருடைய போனுக்கு அனுப்ப வேண்டும். உறைபனி விழுமுன் தெரிந்தால் பயிரைக் காப்பாற்றலாம் என்று எல்லாரிடமும் சொன்னார்.

அவள் நிற்கிற இடத்துக் குளிராவது தனக்குத் தெரியட்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி காய்கறி லாரியில் மலையேறும். தப்புத்தப்பாகச் சொல்லும். அதே லாரியில் இறங்கி வரும்.

"எதை வச்சு அளக்குது உங்க பெட்டி?" என்று கேட்டார் தெக்லா.

"முதல்ல பேட்டரியையே வச்சு அளந்துச்சு. பேட்டரி இறங்க இறங்க அளவும் கெட்டுப்போச்சு. எடைக்கல்லே கரைஞ்சா எதை நிறுப்பீங்கன்னு நீங்கதான திட்டுனீங்க."

"அப்புறம்?"

"கரையாத எடைக்கல்லா ஒரு நல்ல ரெஃபரன்ஸ் சிப்பு போட்டேன். பேட்டரி இறங்கினாலும் சரி, வெயிலு குளிரு எது வந்தாலும் சரி, ஒரே வோல்டேஜுல அசையாம நின்னுச்சு. ஆனா சும்மா நிக்கிறதுக்கே கரண்டக் குடிச்சுச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தியே பேட்டரி காலி."

"இப்ப?"

"இப்ப ரொம்பக் கம்மியாக் குடிக்கிற சிப்பு. அதையும் அணைச்சே வச்சிருக்கேன். மணிக்கு ஒரு தடவ எழுப்புறேன், அளக்குறேன், அணைச்சிடுறேன். பேட்டரி அப்படியே இருக்கு. அளவுதான் கிறுக்குப் பிடிச்ச மாதிரி வருது."

ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தச் சிப்பு வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்னாலும் சரி."

தெக்லா எழுந்து, மெழுகு அறைக்குப் போனார். சந்தியாகுவும் பின்னாலேயே போனார்.

கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகள் ஒரு பையில் கிடந்தன. உருக்கி மறுபடி வார்ப்பதற்கு. தெக்லா பையைத் தூக்கி, தொங்குகிற ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டினார். பை மேலும் கீழும் குதித்தது. முள் தாவித் தாவி ஓடியது.

"அஞ்சு கிலோ," என்றார் தெக்லா.

"சிஸ்டர், முள்ளு ஆடுது."

"ஆடட்டும். ரெண்டு கிலோ."

"நிக்க விடுங்க சிஸ்டர். நின்ன பெறகுல்ல பாக்கணும்."

தெக்லா திரும்பி அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சந்தியாகுவின் கை நெற்றிக்குப் போனது.

"எழுப்புன உடனே அளந்துட்டேன்."

"கம்மியாக் குடிக்கிறது மெதுவாத்தான் நிலைக்கு வரும். பக்கத்துல பெரிய கப்பாசிட்டர் வேற வச்சிருக்கீங்க. அதுல கரண்டு நிரம்பணுமா வேண்டாமா?"

"அப்ப சிப்ப மாத்த வேண்டாமா?"

"சிப்பு பாவம், என்ன பண்ணுச்சு?"

பெட்டியை மெழுகு அறைக்கே எடுத்துவந்து, எழுப்புவதற்கும் அளப்பதற்கும் நடுவில் சந்தியாகு கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லிக்கொடுத்தார், பெட்டிக்கு. பெட்டி பொறுத்தது. பிறகு சுவரிலிருந்த தெர்மாமீட்டர் சொன்னதையே அதுவும் சொன்னது.

அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அமலியின் ஊர் அதற்கும் பின்னால். மேகம் விலகினாலும் தெரியாது. அது தெரிந்தேதான் தினமும் பார்ப்பார்.

"அடுத்த லாரியில ஏத்திவிட்டா, அங்க என்ன குளிருன்னு தெரிஞ்சிரும்," என்றார்.

"அமலிகிட்ட பேசுனீங்களா?"

"காலையில பேசுனேனே. தினமும் பேசுறதுதான்."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்கேன்னா."

"எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சிஸ்டர்? காசு ஓடுதேன்னு எஸ்.டி.டி. பூத்துல பேசிப் பழகுன வாயி. அவ நல்லா இருக்கேம்பா. நான் வச்சிடவாம்பேன். அவ சரிப்பாம்பா." கொஞ்சம் நிறுத்தினார். "முன்னெல்லாம் ஓயாம பேசுவா. இப்ப அவ்வளவுதான்."

ஜெபத்துக்கு மணி அடித்தது. தெக்லா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கொக்கியில் தொங்கிய பையைத் தூக்கி, பொத்தென்று விட்டார். முள் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"எவ்வளவுன்னு பாத்து வைங்க ஐயா. வந்து கேக்குறேன்."

போய்விட்டார்.

சந்தியாகு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தபடியே போனை எடுத்தார்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்ப்பா."

வச்சிடவா என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

முள் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் அந்தச் சொல்லை விழுங்கினார்.

போனில் காற்று இரைந்தது. எங்கோ ஒரு தகரம் படபடத்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"என்னப்பா, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் இருக்கேன்."

முள்ளின் ஆட்டம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது.

அவர் இன்னும் பேசவில்லை.

மகள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"இங்க ரொம்பக் குளிருதுப்பா," என்றாள் அமலி.