தீயைப் பார்த்திராத தீயணைப்பு யானை

கொற்றங்குடி என்று முன்னொரு காலத்தில் ஒரு நாடு. ராஜா இருந்தார், மந்திரி இருந்தார். அதெல்லாம் எல்லா நாட்டிலும் இருப்பதுதான். இங்கே கூடுதலாகத் தீயணைக்க ஒரு யானை இருந்தது. துதிக்கையில் தண்ணீரை உறிஞ்சித் தீயின் மேல் பீய்ச்ச வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த ஒரு வேலைக்கு மூன்று அதிகாரிகள். தீனி போட ஒருவர், பட்டு போர்த்தி நெற்றிப்பட்டம் கட்ட ஒருவர், வீதியில் ஊர்வலம் விட ஒருவர்.

கோடைதோறும் குயவர் தெருவின் ஓலைக் கூரைகள் எரிந்தன. ஊர்வலமும் கோடைதோறும் தவறாமல் நடந்தது.

கடைசியில் தெருவே சாம்பலானது. ராஜா மருதவேலர் நப்பின்னையை அழைத்தார். அரசாங்கம் செய்கிற வேலையால் பலன் உண்டா என்று சோதிப்பது அவள் பொறுப்பு.

"என்ன ஏது என்று பார் அம்மா. குயவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு கோடை பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். அவர்கள் போய்விட்டால் பானைக்கு எங்கே போவது, நாம் கையிலா சோறு வடிப்பது?"

நப்பின்னை யானைக் கொட்டிலுக்குப் போனாள்.

"கரும்பில் ஒரு துண்டு குறைந்ததில்லை, அம்மணி," என்றார் முதலாமவர்.

"சரி. தீ அணைந்ததா?"

"பட்டில் ஒரு கிழிசல் காட்டுங்கள் பார்க்கலாம்!" என்றார் இரண்டாமவர்.

"அழகுதான். தீ அணைந்ததா?"

"ஊர்வலத்தில் ஜனங்கள் கை தட்டுகிறார்கள், அம்மணி!" என்றார் மூன்றாமவர்.

"வீடு எரிந்தவனும் தட்டினானா?"

யானையை அரண்மனை வாசலுக்கு வரவழைத்து, ராஜாவின் முன்னால் வைக்கோலைக் குவித்து, பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீரும் வைத்து, நப்பின்னை தீ மூட்டச் சொன்னாள்.

மூவரும் அலறினார்கள். "யானைக்குப் பக்கத்தில் தீயா! விதிப்படி கூடாது அம்மணி, பட்டு பற்றிக்கொள்ளும்!"

"அப்படியென்றால் இது தீயைப் பார்த்ததே இல்லையா?"

"அவ்வளவு பத்திரமாக வளர்த்திருக்கிறோம்!" என்றார்கள் பெருமையாக.

வைக்கோல் பற்றி எரிந்தது. யானை தீயைப் பார்த்தது. ஊர்வலத்தில் பழக்கியபடி துதிக்கையைத் தூக்கி அதற்கு ஒரு வணக்கம் வைத்தது. தொட்டித் தண்ணீரை முழுக்கக் குடித்தது. பிறகு எடுத்தது ஓட்டம். அதற்கும் முன்னால் ஓடினார்கள் அதிகாரிகள். ராஜாவே குடம் தூக்கித் தீயை அணைக்கும்படி ஆயிற்று. அப்புறம்தான் யானையையும் அதிகாரிகளையும் பிடித்து வந்தார்கள்.

"இந்த யானையைக் காட்டுக்குத் துரத்துங்கள்!" என்று இரைந்தார் ராஜா.

"யானை என்ன செய்யும், அரசே? சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. நாம்தான் இத்தனை வருஷமாக வணக்கத்தைப் பார்த்தோம், தீயைப் பார்க்கவில்லை. எரிந்த குயவர் தெருவில் குடிசைகளைத் திரும்பக் கட்டி, இந்த மூவரையும் அங்கே குடிவையுங்கள்."

"ஓலைக் கூரையிலா?" என்று மூவரும் நடுங்கினார்கள்.

"காய்ந்த ஓலை," என்றாள் நப்பின்னை.

மறுநாளே பட்டு பெட்டிக்குள் போனது. அதிகாரிகள் தாங்களே வைக்கோல் கொளுத்தி, தாங்களே இருமி, யானையைப் பழக்கினார்கள். அடுத்த கோடையில் சூளைப் பொறி பறந்து ஒரு கூரை பற்றியது. யானை ஓடிவந்தது. குளத்துத் தண்ணீரைச் சேறும் பாசியுமாகப் பீய்ச்சியது. தீயும் அணைந்தது, அதிகாரிகளும் நனைந்தார்கள். ஒருவர் தலையில் தவளை.

குயவர்கள் மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

ஆகவே, கேட்டுக்கொள்ளுங்கள்: அரசாங்கம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ததா என்பதோடு நில்லாமல், அந்த வேலையால் மக்களுக்கு நடக்கவேண்டியது நடந்ததா என்று சோதித்து, நடக்காவிட்டால் பொறுப்பானவரைப் பதில் சொல்ல வைப்பதே நல்ல ஆட்சி.