நொட்டாங்கை கத்திரிக்கோல்

"எந்தப் பக்கம் போனாலும் ஏற்கெனவே ஒருத்தன் கடை போட்டு உக்காந்திருக்கான் டீச்சர்" என்றார் பூமிநாதன்.

அவர் பிழைதிருத்துநர். ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் தலை நரைக்கும்வரை ஒற்றுப் பிழை பிடித்துக்கொண்டிருந்தவர். பதிப்பை மூடிவிட்டார்கள். இனி அஃபிலியேட் தளம் ஒன்று தொடங்கிப் பிழைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். எந்தப் பொருள் நல்லது என்று எழுத வேண்டும். படித்தவர்கள் அங்கிருக்கும் இணைப்பு வழியாகவே போய் வாங்கினால் கமிஷன் வரும். எதைப் பற்றி எழுதுவது என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது.

ஆடி பிறப்பதற்குள் வழி தெரியாவிட்டால், சூரத்தில் மைத்துனரின் துணிக் கிடங்குக்குப் போவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. மதுரையை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

டீச்சர் என்றது நிலோஃபரை. அவரைவிட ரொம்ப இளையவள். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. கண்ணாடி போட்டவர்களுக்கு எந்த ஹெல்மெட் சரிப்படும் என்று மட்டும் எழுதி, அதிலேயே குடும்பத்தை நடத்துகிறாள். முனிச்சாலையில் அவளுடைய மாடி அறைக்கு யோசனை கேட்டு வருகிறவர்கள், தாங்களாகவே வைத்த பட்டம் அது.

"நீங்க எதை எழுதலாம்னு இருக்கீங்கண்ணே?"

"செல்போன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

அவள் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் வந்தார்.

"சமையல் சாமான்."

"யாருக்கு?"

"சமைக்கிறவங்களுக்கு."

அதற்கும் டீதான் கிடைத்தது.

அதற்கடுத்த முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருக்கு, யாருக்குன்னா எப்படி டீச்சர்? கடை வெச்சவன் வர்றவன் போறவன் பேரையெல்லாமா கேட்டுக்கிட்டிருப்பான்?"

சித்திரை வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அறையில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன். அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் காற்று.

நிலோஃபர் எழுந்து போய் ஃபேனின் பின்பக்கக் குமிழை இழுத்தாள்.

தலையாட்டல் நின்றது. மூலையில் கிடந்த காலி நாற்காலிமேல் மொத்தக் காற்றும் அடித்தது.

"அங்க யாருமே இல்லையே" என்றார் பூமிநாதன்.

"ஒரே ஒருத்தரை உக்கார வைங்க" என்றாள்.

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் கிடந்த பழைய செய்தித்தாள் காற்றில் படபடத்தது.

அவர் சிறுவனாக இருந்த செல்லூர் வாடகை வீட்டில் அப்படி ஒரு சத்தம் உண்டு. முழுப்பரீட்சை லீவு மதியங்களில் மங்கையர்க்கரசி அக்கா தரையில் பேப்பரை விரித்து ஜாக்கெட் அளவு வெட்டிப் பழகுவாள். தையல் கற்றுக்கொண்டிருந்தாள். கத்திரி அவளுடைய இடது கையில் இருக்கும். பேப்பராவது வெட்டுப்படும். துணி என்றால் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மாட்டிக்கொள்ளும்.

அப்பா பார்த்தால் பிடுங்கி மறுகையில் திணிப்பார். "சோத்தாங்கையில பிடி."

அப்பாவின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் கத்திரி கைமாறும். அலுத்துப்போனால் பெருவிரலை நீட்டுவாள். வளையம் அழுத்திச் சிவந்திருக்கும். "எரியுதுடா பூமி, ஊது." அவன் ஊதுவான். அவள் சிரிப்பாள். தையல் மெஷின் வாங்கும் பேச்சு அந்த லீவோடு நின்றுபோனது. இவளுக்குக் கை சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

அந்த மதியங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று பூமிநாதனுக்கு இருந்தது.

"எங்கக்கா" என்றார்.

நிலோஃபர் டீ போடவில்லை.

"போய் எழுதுங்க" என்றாள்.

எழுதினார். இடது கையால் பிடித்தால் ஒழுங்காக வெட்டுகிற கத்திரி எது, தோல் சீவி எது, அகப்பை எது என்று தேடித் தேடி எழுதினார். தோற்றால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தன் பெயரைப் போடவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

ஆனி பிறந்தது. தளத்துக்கு ஈ காக்காய்கூட வரவில்லை.

"உக்கார வெச்சேன் டீச்சர். அவ வரல."

நிலோஃபர் தளத்தைத் திறந்தாள். தலைப்பு இப்படி இருந்தது: இடக்கைப் பழக்கமுடையோர்க்குரிய கத்தரிக்கோல்கள்.

ஒரு பிழை இல்லை.

"உங்கக்கா வாயில இது வருமாண்ணே?"

அவர் தலைப்பை இன்னொரு தரம் படித்தார்.

"இப்பல்லாம் ஃபோன்ல யாரு டைப் அடிக்கிறா? வாயாலதான் கேக்குறாங்க. உங்கக்கா எப்படிக் கேப்பாங்க?"

கெட்ட வார்த்தை சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நொட்டாங்கை கத்திரிக்கோல்."

"அதை எழுதுங்க."

"அது கொச்சையில்ல?"

அவள் மூலையிலிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

பூமிநாதன் தட்டினார். சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு நெளிந்தது. நடுவில் வர வேண்டிய ஒரு 'க்' கூட இல்லாமல் அது அம்மணமாக நின்றது. ஆயுள் முழுக்கப் பழகிய விரல் அழிக்கப் போனது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

கம்பத்திலிருந்து ஒரு தையல்காரர் தளத்துக்கு முதலில் வந்தார். அப்புறம் சிவகாசியில் லேபிள் வெட்டுகிற ஒரு பெண். இன்னும் சிலர், எங்கெங்கிருந்தோ. ஆனால் சூரத்திலிருந்து மைத்துனரும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனி முடிகிற நேரத்தில் ஒரு மத்தியானம் முனிச்சாலை அறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஃபோன் அடித்தது. தேனியிலிருந்து அக்கா.

"பூமி, பேத்தியும் என்னைய மாதிரியே நொட்டாங்கைடா. அவளுக்குக் கத்திரி கிடைக்குமான்னு ஃபோன்ல சும்மா கேட்டுப் பாத்தேன். யாரோ ஒருத்தர் எழுதி வெச்சிருக்காரு. வெரல் செவக்குறதைக்கூட விடலடா. நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து பாத்த மாதிரி இருக்கு."

"ம்."

"கத்திரியோட அலகே மாத்தி இருக்கணுமாம். கைமேல தப்பே இல்லையாம். சொல்றதுக்கு அப்பாதான் இல்ல."

பூமிநாதன் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

"என்னடா சத்தத்தையே காணோம்? சூரத்துக்கு என்னைக்குக் கெளம்புற?"

"போகலக்கா."

ஃபோனை வைத்தார்.

"யாருண்ணே?" என்றாள் நிலோஃபர்.

அவர் மூலையிலிருந்த காலி நாற்காலியைக் கைகாட்டினார்.

நிலோஃபர் எழுந்தாள். ஃபேன் அவர் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, குமிழை இழுத்தாள்.