விலகியாச்சு என்று சொன்ன குரல்

மூங்கிலாற்று அருவிக்குக் கீழே, எப்போதும் சாரல் மூடிக் கிடக்கும் பாறைத் தளத்தில், சடையன் என்ற நீர்நாய் ஒரு கயிற்றுப் பட்டறை வைத்திருந்தான். கற்றாழை மடலைக் கல்லால் இடித்து, நாரெடுத்து, கயிறு திரிப்பதுதான் தொழில். அதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அடிபட்டு, மிதிபட்டு, வலது கையில் இரண்டு விரலைக் கல்லுக்குத் தின்னக் கொடுத்து, அவனாகவே கற்றுக்கொண்டான்.

அந்த இரண்டு விரல் போன அன்றைக்கே பட்டறையில் ஒரு சட்டம் போட்டான். மொக்கையன் என்ற கரடி கல்லைத் தூக்கிப் பிடிப்பான். செம்பி என்ற கீரி அடியில் மடலைத் தள்ளுவாள்.

"விலகியாச்சா?" என்று கரடி கேட்பான்.

செம்பி கையை எடுப்பாள். எடுத்த கையை ஒருதரம் கண்ணால் பார்ப்பாள். "விலகியாச்சு!" என்பாள். அதற்கப்புறம்தான் கல் விழும்.

பத்து மழைக்காலம் ஓடியது. யாருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை.

ஒரு நாள் யானைக் கூட்டத்தின் தலைவி வந்து நின்றாள்.

"நூறு கயிறு வேணும், சடையா. முதல் மழைக்கு முன்னால வேணும். போன வருஷம் எங்க குட்டி ரெண்டு பள்ளத்துல வழுக்கி விழுந்துடுச்சு. இந்த வருஷம் சரிவு முழுக்கக் கயிறு கட்டப்போறோம்."

"நூறா! பதிலுக்கு என்ன தருவீங்க?"

"ஒரு மடு தோண்டித் தர்றோம். மீன் வளர்த்துக்கோ."

"ஒரு மடுவா? ஏன் ஆத்தா, என்னைத் தவளைன்னு நினைச்சீங்களா? நாலு!"

"ரெண்டு."

"மூணு! மூணாவதுல நிழலுக்குப் பாறையும் உருட்டிப் போடணும். முடியாதுன்னா வந்த வழியே நடங்க. வழி தெரியும்ல?"

யானை தும்பிக்கையை ஆட்டிச் சிரித்தாள். "வாய் உனக்கு. சரி, மூணு. ஆனா ஒரு கயிறு குறைஞ்சாலும் பேச்சு முறிஞ்சுது. காட்டுப்பன்றிப் பட்டறைக்குப் போயிடுவேன்."

பேரம் படிந்தது. ஆனால் ஒரு கல்லையும் ஒரு கரடியையும் வைத்து நூறு கயிறு எப்படி முடியும்? சடையன் மூன்று நாள் அருவியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் எழுந்தான்.

நீண்ட மரங்கள் ஆறு சாய்த்தான். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் கல்லைக் கட்டினான், மறுமுனையில் குடைந்த தொட்டியைப் பொருத்தினான். அருவி நீர் தொட்டியை நிறைத்தது. தொட்டி இறங்கியது. கல் தானாக எழுந்து ஒரு மரத்தாழில் மாட்டிக்கொண்டு நின்றது; தொட்டி நீர் கொட்டிப்போனது. தாழை இழுத்தால் விழும். அவ்வளவுதான். யாரும் தூக்க வேண்டாம், யாருக்கும் மூச்சு வாங்காது!

ஆறு தாழுக்கும் கயிறு கட்டி, அவை வந்து சேரும் பெரிய பாறைக்குப் பின்னால் மொக்கையனை நிறுத்தி, அவன் கையில் கொடுத்தான். செம்பி முதல் கல்லடியில் உட்கார்ந்தாள். புதிதாகச் சேர்த்த மரநாயும் முயலும் மற்றவர்களும் மீதிக் கற்களடியில் உட்கார்ந்தார்கள். சாரல் மூட்டத்தில் கரடிக்கு யாரும் தெரியவில்லை. குரல்தான் கேட்டது.

"முதல் கல்! விலகியாச்சா?"

"இருண்ணே... விலகியாச்சு!"

"ரெண்டாம் கல்! விலகியாச்சா?"

"கொஞ்சம் பொறு, மடல் சிக்கிக்கிச்சு!"

சடையனுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. கல் ரெடியாக நிற்கிறது, பதில்தான் வந்து சேரவில்லை! பாறைக்குப் பின்னால் ஓடினான்.

"கேள்வியே வேணாம். வரிசையா இழுத்துக்கிட்டே இரு!"

"பதில் வராம இழுக்க மாட்டேன்," என்றான் மொக்கையன்.

"நான் சொல்றேன், இழு!"

"நீதான் சட்டம் போட்டே. அந்த விரல் ரெண்டையும் நான்தான் பொறுக்கி எடுத்தேன், சடையா. பதில் வந்தா இழுப்பேன்."

கரடியை அசைக்க முடியாது என்று தெரிந்தது. பதில்தானே வேண்டும்? சடையன் மலை மைனாவைத் தேடிப் போனான். கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் பறவை அது.

"தினம் ஒரு கொத்து அத்திப்பழம். கேள்வி வந்தா அந்தந்தக் கல்லுக்காரங்க குரல்ல 'விலகியாச்சு'ன்னு சொல்லணும்."

"குனிஞ்சு பார்த்துட்டுச் சொல்லணுமா?" என்று கேட்டது மைனா.

"பார்க்கிறதெல்லாம் உன் வேலை இல்ல. சொல்லு, போதும்."

மைனா ஒரு நாள் முழுக்கக் கேட்டது. மறுநாள் கரடியின் தலைக்கு மேலே, பாறை இடுக்கில், செடிக்குள் ஒளிந்து உட்கார்ந்துகொண்டது.

"முதல் கல்! விலகியாச்சா?"

"விலகியாச்சு!" என்றது செம்பியின் குரல்.

கல்லடியில் இருந்த செம்பி வாயே திறக்கவில்லை. கை உள்ளே இருந்தது! பதறி இழுத்தாள். கல் அவள் மீசையை உரசிக்கொண்டு விழுந்தது.

"என் குரல் அங்கே எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"இனிமே நீங்க கத்த வேணாம்," என்றான் சடையன். "கல் ஒரே சீரா விழும். அந்தத் தாளத்துக்குக் கையை எடுத்துக்கோங்க."

பத்துக் கயிறு இருபதானது. இருபது ஐம்பதானது. கல்லடியில் இருந்தவர்கள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மடலைத் தள்ளினார்கள். அவர்களுடைய குரல்கள் மட்டும் சாரலுக்கு மேலே தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தன. விலகியாச்சு! விலகியாச்சு! முயல் இருமிக்கொண்டிருந்தபோதுகூட அதன் குரல் இருமாமல் பதில் சொன்னது.

அறுபதாவது கயிற்றில் செம்பியின் வால் நுனி நசுங்கியது. நார் சிவந்தது.

"என் வாயை எனக்கே திருப்பிக் கொடுங்க, மேஸ்திரி!" என்று சீறினாள்.

"வால் நுனிதானே போச்சு! எனக்கு விரலே போச்சு. நான் உட்கார்ந்து அழுதேனா?"

செம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்கே, பாறைக்குப் பின்னால் இருந்த கரடியிடம்கூடச் சொல்லாமல், ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் போனாள். அவள் குரல் போகவில்லை. காலியாகக் கிடந்த முதல் கல்லுக்காக கேள்விக்குக் கேள்வி செம்பி பதில் சொன்னாள். பக்கத்துக் கல்லில் இருந்த மரநாய்க்கு முதுகு மயிர் நட்டுக்கொண்டது. அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

"கல் சத்தம் வெறும் பாறையில விழற மாதிரி இருக்கே, செம்பி நல்லா இருக்காளா?" என்று மொக்கையன் பின்னாலிருந்து கேட்டான்.

"நல்லா இருக்கா. குரல் கேட்கலையா உனக்கு?" என்றான் சடையன்.

"கேட்குது, கேட்குது. அவ குரல் கேட்டாத்தான் எனக்குக் கையே ஓடும்."

மேற்கே மேகம் கறுத்தது. தொண்ணூற்றெட்டுக் கயிறு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு. காலையிலேயே சடையன் முதல் கல்லில் தானே உட்கார்ந்தான். பழைய பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து, பார்த்து, "விலகியாச்சு!" என்று தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். மேலே மைனா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

உச்சிவேளை. கடைசிக் கயிற்றின் கடைசி மடல். நார் அவன் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. இழுத்தான். இறுகியது. இன்னும் இழுத்தான். இன்னும் இறுகியது. தலைக்கு மேல் கல் நின்றது.

"முதல் கல்! விலகியாச்சா?"

"விலகல! மொக்கையா, இழுக்காதே!"

"விலகியாச்சு!" என்றது பாறைக்கு மேலிருந்து ஒரு குரல்.

சடையன் அண்ணாந்து பார்த்தான். அது அவனுடைய குரல்! அதே கரகரப்பு. அதே அவசரம்.

கரடி குழம்பினான். "சடையா, ஒரு பக்கம் விலகலங்கிறே, ஒரு பக்கம் விலகியாச்சுங்கிறே. எது நீ?"

"இதுதான்டா நான்! கீழே இருக்கிறவன்தான் நான்! அது மைனாடா!"

அருவியின் இரைச்சலில் பாதிப் பேச்சு கரைந்து போயிற்று. "விலகியாச்சு!" என்றது மேலே இருந்த சடையன். அந்தக் குரலில் பயமே இல்லை. யார் கேட்டாலும் அதைத்தான் நம்புவார்கள்.

மொக்கையன் தாழ்க் கயிற்றைப் பிடித்தபடியே யோசித்தான். பிறகு, யாரைக் கேட்டால் உண்மை வருமோ அவளையே கேட்டான்.

"செம்பி! நீ சொல்லு தாயி. விலகியாச்சா?"

சடையன் கண்ணை இறுக மூடினான். அவனுக்குத் தெரியும், அடுத்து யார் பேசப்போகிறாள் என்று.

"விலகியாச்சு!" என்றாள், ஆற்றுக்கு அப்பால் எங்கோ வாலை நக்கிக்கொண்டிருந்த செம்பி.

"செம்பி பொய் சொல்ல மாட்டா," என்று கரடி தாழை இழுத்தான்.

அலறல் கேட்டுச் சாரலைக் கிழித்துக்கொண்டு மொக்கையன் ஓடிவந்தபோது சடையனின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

"செம்பி எங்கே? இங்கேதானே இருந்தா!"

"போய் ஆறு நாளாச்சு," என்றான் சடையன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கரடி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். ஆறு நாள் யாரை நம்பி இழுத்த கை அது! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலைக்கு மேலே மைனா அத்திப்பழத்தைக் கொத்திக்கொண்டே செம்பியின் குரலில் சொன்னது: "விலகியாச்சு!"

முதல் மழை விழுந்தது. தொண்ணூற்றொன்பது கயிறு கிடந்தது. யானைத் தலைவி வந்து எண்ணினாள். சடையனின் மொட்டைக் கையைப் பார்த்தாள். காட்டுப்பன்றிப் பட்டறைப் பக்கம் நடந்தாள். இந்தத் தடவை சடையன் பேரம் பேசவில்லை.

இன்றைக்கும் அங்கே ஆறு கல்லும் தண்ணீரில்தான் எழுகின்றன. ஆனால் மொக்கையன் இப்போது பாறைக்குப் பின்னால் இல்லை, கல்லுக்கு முன்னால் நிற்கிறான். குரல் கேட்டாலும் கையைப் பார்க்காமல் தாழை இழுப்பதில்லை. மைனாவை எத்தனையோ தடவை துரத்திவிட்டார்கள். ஆனால் அது தன் குஞ்சுகளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. பட்டறையில் ஆளே இல்லாத நாட்களிலும் சாரலுக்குள் செம்பி பதில் சொல்கிறாள், சடையன் பதில் சொல்கிறான். கேள்வி கேட்டவர் யார் என்றுதான் தெரியவில்லை.

கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய பதிலைப் பார்க்காத வாயிடம் ஒப்படைத்தவன், தன் கை கல்லடியில் இருக்கும் நாளிலும் அந்த வாய் சொல்லும் பதிலைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.