நிலவரசியின் நீலம்

சிவகாசியில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில், அச்சுத் தகடு எடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஞானசௌந்தரி. வயது இருபத்தொன்பது. அவளிடம் பாடம் கேட்க வந்த சீடருக்கு ஐம்பத்தாறு. பெயர் செண்பகராமன். மகள் போன பிறகு பஸ்ஸில் ஏறவே பிடிக்காமல் வேலையை விட்ட கண்டக்டர்.

அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஒரே மகள், நிலவரசி. பத்தொன்பது வயதில், தீபாவளிக்கு ஒரு நீலச் சுடிதார் எடுத்தாள். ஒரே ஒரு நாள் உடுத்தினாள். அடுத்த வாரம் காய்ச்சல். நாலே நாளில் எல்லாம் முடிந்தது. அந்தச் சுடிதாரையே உடுத்தி அனுப்பிவைத்தார்கள்.

செல்போனில் எடுத்த படங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் நீலம் வேறு மாதிரி விழுந்திருந்தது. 'இது அவ நீலம் இல்லை' என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். பேனா பிடித்து டேப்லெட்டில் வரையக் கற்றுக்கொண்டார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அவளை வரைந்து, அஞ்சலி கார்டு அடித்து, சொந்தபந்தம் அத்தனை பேர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

முதல் நாளே ஞானசௌந்தரி சொன்னாள்.

"திரை வேற, தாள் வேற அண்ணாச்சி. திரையில சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம். அதுக்கு ஆர்ஜிபி மோட். மெஷின்ல நாலு மை. அதுக்கு சிஎம்ஒய்கே. கார்டுக்குன்னா வரைய உக்காரும்போதே மை மோட்ல வச்சிருங்க."

"சரி டீச்சர்" என்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் போய் மை மோடில் வைத்தார். நீலம் கண்ணெதிரே செத்தது. பதறிப்போய் வெளிச்ச மோடுக்கே திரும்பினார். பதினோரு மாதமும் அதிலேயே வரைந்தார். டீச்சரிடம் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் எத்தனை பேர் பொய்யைப் பிடித்தவர், தன் பொய்யை மட்டும் விட்டுவிட்டார்.

நினைவு நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மாதிரித் தாள் வந்தது. அதில் நிலவரசி, நூறு தடவை துவைத்த பள்ளிக்கூடச் சீருடை மாதிரி ஒரு நீலத்தில் நின்றாள்.

"இது அவ இல்ல டீச்சர்."

"எந்த மோட்ல வரைஞ்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்த மோட்ல வச்சா அந்த நீலம் தாள்ல வரும்?"

ஞானசௌந்தரி அவரை மெஷின் பக்கம் கூட்டிப் போனாள். ஒரு மை டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"நம்மகிட்ட இருக்குற நீலம் இதுதான்."

அவர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவள் லீவு. செண்பகராமன் காலையிலேயே வந்தார். படத்தில் மகளைச் சுற்றி நாலு மையையும் முழுசாக ஏற்றி ஒரே இருட்டாக்கியிருந்தார். சுற்றிலும் கறுத்தால் நடுவில் நீலம் எழும்பும் என்று கணக்கு. தகடு எடுக்கிறவரிடமும் மெஷின்காரர் மாடசாமியிடமும், "டீச்சர் பார்த்துட்டாங்க" என்று ஒரே பொய்யைச் சொன்னார்.

"மை ரொம்ப ஏறுது அண்ணாச்சி, காயாது" என்றார் மாடசாமி.

"ஏறட்டும். இன்னும் கூட்டுங்க."

தாள் வந்தது. நீலம் ஒரு இழை எழும்பின மாதிரிதான் இருந்தது. அவருக்கு அது போதும். "அந்தா வந்துட்டா!" என்று கத்தினார். மெஷின்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருநூறு தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறின.

மறுநாள் காலை ஞானசௌந்தரி வந்தபோது அவர் அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேல் தாளைத் தூக்கினார். வரவில்லை. இழுத்தார். சரக்கென்று வந்தது. அதன் முதுகில், காயாத கறுப்போடு சேர்ந்து அடுத்த தாளின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தாளில் முகம் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

இன்னொன்றை உரித்தார். இன்னொன்று. ஒவ்வொன்றிலும் மகளின் முகம் பிய்ந்தது. பார்க்க முடியவில்லை. அவள் தடுக்கவும் இல்லை. இருபதாவது தாளில் அவர் கை தானாக நின்றது.

"எல்லா மையையும் குடுத்தேனே டீச்சர். ஒண்ணையும் மிச்சம் வைக்கலையே."

"தாள் குடிக்கணும்ல அண்ணாச்சி."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி அழுவதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை.

ஞானசௌந்தரி பிய்ந்த தாள்களைப் பொறுக்கி, முகம் உள்ளே போகும்படி மடித்து வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரில் பழைய படத்தைத் திறந்தாள். திரையில் நிலவரசி நீலமாக ஜொலித்தாள்.

"பதினோரு மாசமா அவ அந்த நீலத்துலதான் இருக்கா" என்றார் அவர். "காலையில எந்திரிச்சதும் போய்ப் பார்ப்பேன். இருப்பா. அதை நான் எப்படி மங்க வைப்பேன்? என் கையால எப்படி வைப்பேன்?"

அவள் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்துருவாங்க. எந்த மோட்ல வைக்கணும், நீங்களே சொல்லுங்க டீச்சர்."

ஞானசௌந்தரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"திரையில இருக்குறது உயிரோட இருக்குற பிள்ளையோட நிறம் அண்ணாச்சி" என்றாள். "நீங்க அடிக்க வந்தது அஞ்சலி கார்டு."