தாழம்பூ மணக்கும் சிறுத்தை

குழந்தைகளே, கதைக்குள் நுழைவதற்கு முன் நீங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுத்தை தன்னைக் காட்டிக்கொண்டு வருவதில்லை. புல்லோடு புல்லாகப் படுத்து, பொறுத்திருந்து பாயும். அதைக் கண்ணால் கண்டபின் தப்புவது அரிது. அதன் வாடையை முன்னதாகவே உணரும் மூக்கு இருந்தால்தான் உயிர் நிலைக்கும்.

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டிய நீர்மத்தி மரத்தடியில், இளங்குட்டிகளுக்கென்று ஒரு பள்ளி நடந்துவந்தது. நவ்வி என்னும் பெண்மான் அதன் ஆசிரியை. விழிப்பே அவளது இயல்பு. மேயும்போதும் ஒரு செவி காற்றின் பக்கமே திரும்பியிருக்கும்.

மரத்தின் பொந்தில் பாடப்பொருள்கள் இருந்தன. மலைப்பாம்பு உரித்த சட்டை, தின்றவர் உயிரைக் குடிக்கும் எட்டிப்பழம், செந்நாயின் கால்தடம் பதிந்து காய்ந்த களிமண் கட்டி. எல்லாவற்றிலும் அரியது, சிறுத்தை படுத்து எழுந்த முட்புதரில் சிக்கியிருந்த மயிர்க்கற்றை. அதைக் கொண்டுவரப் போன கடமான் நொண்டிக்கொண்டுதான் திரும்பியது. அந்த மயிரை முகர்ந்து, கண்ணை மூடியபடியே அடையாளம் சொல்லத் தெரிந்த குட்டிகள் மட்டுமே ஆற்றுத்துறைக்குத் தனியே போகலாம் என்பது பள்ளியின் விதி.

பொந்தைக் காப்பவர் நீர்நாய். அவருக்குத் தூய்மைதான் உயிர். தாம் நாளொன்றுக்கு எத்தனை முறை குளிக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

இனிக் கதையைக் கேளுங்கள்.

புதிய எட்டிப்பழம் தேடி மலைச்சரிவுக்குப் போயிருந்த நவ்வி, மறுநாள் வெயில் ஏறும் வேளையில் திரும்பினாள். மரத்தடியில் குட்டிகளைக் காணவில்லை. பொந்தின் வாயிலில் நீர்நாய் மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"வாருங்கள் அம்மணி, வாருங்கள்! குளம்பைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். நேற்று மேற்பார்வைக்கு மயிலார் வந்திருந்தார். 'இப்படி ஒரு பொந்தை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை' என்று தோகையையே விரித்துவிட்டார்!"

நவ்வி உள்ளே எட்டிப் பார்த்தாள். பாம்புச் சட்டை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. களிமண் கட்டி வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது, கால்தடத்தைக் காணோம். மயிர்க்கற்றை பூவரச இலைமேல் பஞ்சுபோல வெளுத்துக் கிடந்தது. அவள் மூக்கை அருகே கொண்டுபோனாள்.

தாழம்பூ மணத்தது.

"இதை என்ன செய்தீர்கள், நீர்நாயாரே?"

"என்ன செய்வேன்? கழுவினேன். அப்பப்பா, என்ன நாற்றம்! மணலில் தேய்த்து, ஓடுகிற நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, தாழம்பூ மடலுக்குள் பொதிந்து வைத்தேன். மயிலார் அதை மறுபடியும் மறுபடியும் முகர்ந்து பார்த்தார், தெரியுமா?"

"குட்டிகள் எங்கே?"

"ஆற்றுத்துறைக்குப் போயிருக்கின்றன."

"யாரோடு?"

"தனியேதான். நீங்கள் ஊரில் இல்லை என்பதற்காகப் பாடத்தை நிறுத்திவிட முடியுமா? மயிலார் முன்னிலையில் நானே நடத்தினேன். 'இதுதான் சிறுத்தை வாடை' என்று முதலில் சொல்லிக் கொடுத்தேன். பிறகு கண்ணை மூடச் சொன்னேன், முகரச் சொன்னேன். மூன்று குட்டிகளும் ஒரே குரலில் 'சிறுத்தை!' என்றன. ஒரு பிழை இல்லை! தேர்ச்சி பெற்றவர்களை அனுப்பாமல் வைத்திருப்பது முறையா?"

நவ்வியின் செவிகள் விறைத்து நின்றன. "உண்மையான வாடையை அவை இதுவரை ஒருமுறைகூட முகர்ந்ததில்லை, ஐயா. நான் திரும்பி வந்து தொடங்க வேண்டிய பாடம் அது. சிறுத்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்காவது தெரியுமா?"

"நான் நீரில் வாழ்பவன், அம்மணி. எனக்கு எதற்கு அந்தச் சங்கதி?"

அந்த நேரத்தில் ஆற்றின் பக்கமிருந்து காற்று வீசியது. நவ்வியின் உடலில் இருந்த ஒவ்வொரு மயிரும் குத்திட்டு நின்றது. பச்சை இரத்தமும் பழைய மூத்திரமும் கலந்த அந்த வாடையை அவள் எப்படி மறப்பாள்?

அவள் ஓடினாள். "என்ன, என்ன ஆயிற்று?" என்று இரைத்துக்கொண்டே நீர்நாயும் பின்னால் உருண்டு புரண்டு வந்தார்.

கரைமேட்டில் அடர்ந்திருந்த தாழம்புதருக்குள் நவ்வி சட்டென்று நின்றாள். கீழே துறையில் மான்கன்றும் பன்றிக்குட்டியும் முயற்குட்டியும் நீர் குடித்துக்கொண்டிருந்தன. ஆற்றின் அக்கரையில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. குட்டிகளுக்கும் அவளுக்கும் நடுவே, நாணலுக்குள், மஞ்சளும் கறுப்புமாக ஒரு முதுகு தரையோடு தரையாகப் படிந்திருந்தது.

நீர்நாய் அதைப் பார்த்துவிட்டார். பதறிப்போய், "பிள்ளைகளே!" என்று கூவ வாயைத் திறந்தார். நவ்வி அவருடைய வாலைக் குளம்பால் அழுத்தினாள்.

"மூச்சுவிடாதீர்கள். குரல் கேட்டால் அவை குரலை நோக்கித்தான் ஓடி வரும். நான் கற்பித்த முதல் பாடமே அதுதான். நேரே சிறுத்தையின் வாயில் வந்து விழும்."

காற்று திரும்பியது. இப்போது அது மேட்டிலிருந்து ஆற்றை நோக்கி வீசிற்று. சிறுத்தையின் வாடையைச் சுமந்துகொண்டு குட்டிகளிடம் போயிற்று.

நவ்வி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஓடுங்கள், ஓடிவிடுங்கள் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

முயற்குட்டி தலையைத் தூக்கியது. "ஏதோ வாடை வருகிறதே! சிறுத்தையாக இருக்குமோ?"

"போடா பயந்தாங்கொள்ளி!" என்றது பன்றிக்குட்டி. "சிறுத்தை என்றால் தாழம்பூ மணக்கும். நேற்றுப் படித்ததை இன்றைக்கே மறந்துவிட்டாயா? இது யாரோ குளிக்காத ஆசாமி."

"நாணலுக்குள் இருந்துதான் வருகிறது," என்றது மான்கன்று. "வாருங்கள், யாரென்று பார்த்து நீர்நாய் ஐயாவிடம் பிடித்துக் கொடுப்போம். நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்!"

மூன்றும் சிரித்துக்கொண்டே நாணலை நோக்கி நடந்தன.

நாணலுக்குள் அசைந்துகொண்டிருந்த வால்நுனி அசைவை நிறுத்தியது. முன்தோள்கள் இரண்டும் மெல்ல உயர்ந்தன. அந்த அசைவுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நவ்வி அறிவாள்.

அவள் தலைக்கு மேலே, இன்னும் விரியாத தாழம்பூ ஒன்று மடல்களுக்குள் மூடிக் கிடந்தது.

நவ்வி யோசிக்கவில்லை, எட்டிக் கவ்வினாள். தாழை முள் அவள் முகத்தைக் கிழித்தது. மடலைப் பல்லால் உரித்தாள்; மற்றொன்றையும் உரித்தாள்; தலையை உதறி உதறிப் பூந்தாதைக் காற்றில் தூவினாள். கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. அவள் உதறுவதை நிறுத்தவில்லை.

மணம் நாணலைக் கடந்தது. சிறுத்தையைக் கடந்தது.

மான்கன்று தூக்கிய காலைத் தரையில் வைக்கவில்லை. "தாழம்பூ..." என்றது.

"சிறுத்தை!" என்று அலறியது பன்றிக்குட்டி. "சிறுத்தை! சிறுத்தை! அக்கரைக்கு ஓடுங்கள்!"

மூன்றும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி நீரில் பாய்ந்தன. அதே நொடியில் சிறுத்தையும் பாய்ந்தது. அதன் நகங்கள் மான்கன்று நின்ற ஈரமணலைக் கிழித்தன. அடுத்த பாய்ச்சலுக்கு அது உடலைச் சுருட்டுவதற்குள், ஆழம் குறைந்த துறையைக் கடந்து குட்டிகள் காட்டெருமைகளின் கால்களுக்கிடையே புகுந்துவிட்டன. எருமைகள் கொம்பைத் தாழ்த்தி வரிசையாக நின்றன. சிறுத்தை சீறிவிட்டு, கரையோரமாக நடந்து மறைந்தது.

நவ்வி கண்ணில் வழிந்த இரத்தத்தைப் புல்லில் துடைத்துக்கொண்டு புதரைவிட்டு வெளியே வந்தாள்.

நீர்நாய் தொண்டையைச் செருமினார். "ஒன்று சொல்லட்டுமா, அம்மணி? எப்படிப் பார்த்தாலும் என் பாடம்தானே பிள்ளைகளைக் காப்பாற்றியது?"

"உங்கள் பாடம் அவற்றைச் சிறுத்தையின் வாய்வரை நடத்திப் போயிற்று," என்றாள் நவ்வி. "காற்று மட்டும் வேறு பக்கம் வீசியிருந்தால், இப்போது அவற்றில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. கீழே போய், அது படுத்திருந்த இடத்தை முகர்ந்து பாருங்கள்."

நீர்நாய் போனார். மடங்கிக் கிடந்த நாணலில் மூக்கை வைத்தார். அவர் முதுகு கூனிப் போயிற்று.

"இதையா நான் கழுவினேன்?" என்றார்.

அதன்பின் நடந்தவை இவை. மூன்று குட்டிகளின் தேர்ச்சியும் செல்லாது என்று ஆயிற்று; அவை முதலிலிருந்து கற்றன. நாணலில் ஒட்டியிருந்த சிறுத்தை மயிரை நீர்நாயே பல்லால் கவ்விக் கொண்டுவந்தார். அதைப் பொந்தில் வைக்கும்வரை வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. அழிந்த செந்நாய்த் தடத்துக்கு மாற்றுக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பாடம் நடக்கவில்லை. மயிலார் மறுமுறை வந்து, பொந்துக்குள் தலையை நீட்டி, "தரம் தாழ்ந்துவிட்டது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். பன்றிக்குட்டி வளர்ந்து கோரைப்பல் முளைத்த பின்னரும், தாழை பூக்கும் காலத்தில் அந்தக் கரைக்கு நீர் குடிக்க வருவதில்லை.

நீதி: கற்பிக்கும் பொருள் அழகாக இருந்தால் பார்ப்பவர் மகிழ்வர், உண்மையாக இருந்தால்தான் கற்பவர் பிழைப்பர்.